பால்சர்க்கரை: இல்லை

பாக்டீரியாவை முகம் பார்த்து அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் குச்சியாக இருக்கும், இல்லையென்றால் உருண்டையாக இருக்கும். அதற்கு மேல் மூக்கும் முழியுமா இருக்கப்போகிறது? அது யார், எந்த வகை என்று தெரியவேண்டுமென்றால் சாப்பாடு போட்டுத்தான் பார்க்கவேண்டும். குளுக்கோஸ் தின்கிறதா, தின்றால் புளிக்கவைக்கிறதா, வாயு விடுகிறதா, பால்சர்க்கரையைத் தொடுகிறதா, எந்த வைட்டமின் இல்லாவிட்டால் வளரமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்றெல்லாம் ஒவ்வொரு குழாயாக நீட்டிக் கேட்டு, அது சொல்லும் பதிலை வைத்து வகை பிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் "நீங்க கவுச்சி சாப்பிடுவீங்களா?" என்று பேச்சோடு பேச்சாக விசாரிக்கிறோமே, அதே சூட்சுமம்தான். என்ன, பாக்டீரியா பொய் சொல்லாது.

கும்பகோணத்தில் இருந்த வகைப்பாட்டு நிலையத்தில் கோமளா பாதி ஆயுளாக இந்த விசாரணையைத்தான் செய்துவந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பூபதியும் அவன் மனைவி தேன்மொழியும் இருந்த வீட்டில் மாடி அறை அவளுடையது. வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். வாய்க்கும் அதே பெயர்தான்.

அவள் விசாரித்தது ஒரே ஒரு பாக்டீரியாவை. கடல் உள்ளே வந்து டெல்டா முழுவதும் உப்பாகிப் போன பிறகு, நெல் என்பது பாடப்புத்தகப் படமாகிவிட்டது. உப்புச் சேற்றில் கோரைப்புல் மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. மாடு தின்னும், மனிதன் என்ன செய்வான்? புல்லைச் செரிக்கும் பாக்டீரியா ஒன்றை மாட்டு வயிற்றிலிருந்து எடுத்து, அங்கே வெட்டி இங்கே ஒட்டி, மனிதனின் சிறுகுடலில் குடிவைத்தார்கள். அது நாரை உடைத்துச் சர்க்கரையாக்கி, தான் தின்றது போக மிச்சத்தை உடம்புக்குக் கொடுத்தது. கோரை மாவில் இட்லி வந்தது, கஞ்சி வந்தது, தீபாவளிக்கு முறுக்குகூட வந்தது. பச்சையாக, லேசாக மண்வாசனை அடித்தாலும் வயிறு நிறைந்தது. அந்தப் பாக்டீரியாவுக்கு வாயில் நுழையாத லத்தீன் பெயர் ஒன்று உண்டு. ஜனங்கள் பசியாத்தி என்றார்கள். பெண் குழந்தைக்கு அந்தப் பெயரையே வைத்த வீடுகளும் உண்டு.

ஆளுக்கு ஒருமுறை சொட்டு மருந்தாகக் கொடுத்தால் போதும், ஆயுளுக்கும் இருக்கும். வாயிலிருந்து வாய்க்கு, கையிலிருந்து கைக்கு அதுவாகவே பரவவும் செய்யும். அது குணம் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நிலையத்தின் வேலை. ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் வரும் மாதிரிகளைக் கோமளா குழாய்களில் போடுவாள். சிவப்பாக இருக்கும் குழாய் மஞ்சளானால் அந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று பொருள். கோரை நார்க் குழாய் மஞ்சளாகும். பால்சர்க்கரைக் குழாய் சிவப்பாகவே நிற்கும். "பால்சர்க்கரை: இல்லை" என்று பதிவாகும். எத்தனையோ வருடமாக அதே பதில்.

நேற்றுப் போட்டதை இன்று காலை டீ குடிப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும், பார்த்ததை உடனே பிரஷர் குக்கரில் போட்டு அவித்துவிட வேண்டும் என்பது நிலையத்தின் வழக்கம். ஆஸ்பத்திரி ஆய்வகங்களிலிருந்து வந்த பழக்கம் அது. அங்கே நோயாளி காத்திருப்பான், மறுநாள் காலையில் டாக்டருக்குப் பதில் வேண்டும். இங்கே யாரும் காத்திருக்கவில்லை. ஆனாலும் அவித்தார்கள். பாக்டீரியாவை வளர்க்கும் சூடுபெட்டி சின்னது, அடுத்த வரிசைக்கு இடம் வேண்டுமே.

தேன்மொழிக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் குழந்தை பிறந்தது. இனியன் என்று பெயர் வைத்தார்கள். முதல் சில வாரம் கொழுகொழுவென்று இருந்தான். அப்புறம் தேய ஆரம்பித்தான். குடித்த பால் புளித்த தண்ணீராக வெளியே போனது. தொடையிடுக்கு வெந்து சிவந்தது. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு, கைகால் குச்சியாகி, முகம் கிழவன் முகமாகிவிட்டது. தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் அப்படிக் குழந்தைகள் இருந்தன. தெருவுக்குத் தெரு இருந்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் எல்லாத் தாய்களிடமும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "தாய்ப்பால் பத்தலம்மா. நல்லா சாப்பிடு."

தேன்மொழி நல்லா சாப்பிட்டாள். பூண்டு சாப்பிட்டாள், சுறாப்புட்டு சாப்பிட்டாள், யார் எதைச் சொன்னாலும் சாப்பிட்டாள். பால் கட்டிக்கொண்டு வலித்ததே தவிரக் குறைவே இல்லை. ஒருநாள் காலையில் கோமளாதான் அதைச் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், அதுதான் கொடுமை.

"பால் இருக்கறது பெருசில்ல தேனு. சத்து இருக்கணும். உனக்கு உடம்புல ஏதோ குறை இருக்கு. அதுதான் புள்ள உடம்புல ஒட்டல."

தேன்மொழி குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அப்ப என்ன அண்ணி செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் கோபம் இருந்திருந்தால்கூட கோமளாவுக்குத் தேவலை. நிஜமாகவே கேட்டாள். செய்யக் காத்திருந்தாள்.

அந்த வாரமே குழந்தை கண்ணைத் திறக்காமல் கிடந்தது. உச்சிக்குழி பள்ளமாகிவிட்டது. பூபதி தான் வேலை பார்த்த கோரை ஆலையிலிருந்து போன் செய்தபோது கோமளா அப்போதுதான் ஒரு வரிசைக் குழாய்களைச் சூடுபெட்டியில் வைத்திருந்தாள். போட்டது போட்டபடி ஓடினாள். ஆஸ்பத்திரியில் குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி ஏற்றினார்கள். தேன்மொழி பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் கசிந்து ரவிக்கை நனைந்து இடுப்புவரை ஈரம் பரவியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னொரு தாய்க்கும் அப்படியே. அவள் குழந்தை அன்று சாயங்காலம் போய்விட்டது.

இனியன் பிழைத்துக்கொண்டான். அதாவது, அந்தத் தடவைக்குப் பிழைத்துக்கொண்டான். குளுக்கோஸ் ஏறியதும் அழுதான், அழுததும் பால் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்ததும் மறுபடி புளித்த தண்ணீராகப் போனது.

சில நாள் கழித்து வேலைக்குத் திரும்பிய கோமளா முதலில் சூடுபெட்டியைத்தான் திறந்தாள். பழைய குழாய்களை எடுத்து அவிக்கவேண்டும். கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பால்சர்க்கரைக் குழாய் மஞ்சளாக இருந்தது. ஒன்றல்ல, வரிசை முழுவதும்.

அழுக்குப் பட்டிருக்கும் என்று நினைத்தாள். இந்தத் தொழிலில் எதிர்பாராத பதில் வந்தால் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படவேண்டும். புதிதாகப் போட்டாள். மறுநாள் காலை சிவப்பு. நல்லவேளை என்று மூச்சுவிட்டாள். ஆனால் குக்கரில் போடக் கை போகவில்லை. "தொடாதே" என்று காகிதம் ஒட்டித் திரும்ப உள்ளே வைத்தாள். அதற்கு மறுநாள் லேசான ஆரஞ்சு நிறம். அதற்கும் மறுநாள் எலுமிச்சை மஞ்சள். குளிர்பெட்டியின் அடியில் உறைந்து கிடந்த, திட்டம் ஆரம்பித்த காலத்து முதல் மாதிரியை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அதுவும் மஞ்சள்.

குணம் மாறவே இல்லை. ஆரம்பத்திலிருந்தே அதன் குணம் இதுதான். அது பொய் சொல்லவில்லை. பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. வாயைத் திறப்பதற்குள் இவர்கள்தான் அதை அவித்துக்கொண்டிருந்தார்கள், டீ ஆறிவிடுமே என்று.

இயக்குநர் டாக்டர் குலோத்துங்கன் குழாய்களை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. மத்தியானம் அவரும் கோரை இட்லிதான் சாப்பிடுவார். வெளியூர் அரிசி வாங்க வசதி இருந்தும்.

"சீக்கிரம் திங்காது, லேட்டா திங்கும். அப்படித்தானே?" என்றார்.

"ஆமா சார். புல் கிடைக்கற வரைக்கும் பாலை ஏறெடுத்துப் பார்க்காது. வேற ஒண்ணுமே இல்லன்னா ஒருநாள் பட்டினி கிடக்கும். அப்புறம் பாலைத் திங்கக் கத்துக்கும். பெரியவங்க வயித்துல தினமும் கோரை போகுது, அதனால பிரச்சினையே வரல. குழந்தை வயித்துல பாலைத் தவிர என்ன சார் இருக்கு?"

"சொட்டு மருந்து ஒரு வயசுக்கு அப்புறம்தானே குடுக்கறோம்?"

"அம்மா முத்தம் கொடுத்தாலே போதும் சார். முதல் மாசத்துலயே குடியேறிடும். சிறுகுடல்லயே உட்கார்ந்துக்கிட்டு வர்ற பால்சர்க்கரையைக் குழந்தைக்கு முன்னாடி அது எடுத்துக்குது. புளிக்க வெச்சுத் தண்ணியா அனுப்பிடுது. குழந்தை குடிச்சுக்கிட்டே பட்டினி கிடக்குது." "தப்பு அம்மாக்கள் மேல இல்ல சார். நாம எல்லாரும் அவங்களைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தோம்."

அவர் குழாயைத் தாங்கியில் வைத்தார். "தம்பி குழந்தை எப்படி இருக்கு?"

"இருக்கு சார்."

"எழுதிக் குடுங்க. நான் நேர்ல சென்னைக்கு எடுத்துட்டுப் போறேன்."

அன்று வீட்டுக்குப் போனதும் கோமளா செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. அடுக்களையில் நின்றிருந்த தேன்மொழியின் கையைப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னாள். குழாயை, நிறத்தை, குக்கரை. தேன்மொழிக்குப் பாதி புரிந்தது. புரிய வேண்டிய பாதி புரிந்தது.

"என் பால்ல ஒண்ணும் இல்லையா அண்ணி?"

"ஒரு குறையும் இல்ல. நான்தான் கண்டதையும் உளறினேன். மன்னிச்சுடு தேனு."

தேன்மொழி அழுதாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவே பார்க்க, படியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்க நாத்தனார் கண்டுபிடிச்சிட்டாங்க. நம்ம மேல தப்பே இல்லையாம்" என்று தேன்மொழி சொன்னது உள்ளே இருந்த கோமளாவுக்குக் கேட்டது. வெகுகாலம் கழித்து அவளுக்குத் தன் வேலையைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

குழந்தைக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. இன்னொரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். நெற்றியில் ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். இன்னொரு தடவை தாங்காது என்று அங்கிருந்த டாக்டர் பூபதியைத் தனியாக அழைத்துச் சொன்னார். எப்படியும் சென்னையிலிருந்து மருந்து வரும் என்று கோமளா தம்பியைத் தேற்றினாள். மருந்து இருக்கத்தான் செய்தது. பசியாத்தியைக் கொல்வதற்கென்றே ஒரு மாத்திரையைத் திட்டத்தோடு சேர்த்தே தயாரித்து வைத்திருந்தார்கள்.

குலோத்துங்கன் சில வாரம் கழித்துத் திரும்பி வந்த அன்று அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். வழக்கமாக உட்காரச் சொல்லமாட்டார்.

"நீங்க எழுதினதுல ஒரு வார்த்தையை மாத்தல, கோமளா. ஒருத்தரும் மறுக்கல. எனக்கே ஆச்சரியம். மூடி மறைப்பாங்க, சண்டை போடணும்னுதான் நினைச்சுக்கிட்டுப் போனேன். மேசையைச் சுத்தி எல்லாரும் தலையை ஆட்டினாங்க. வகைப்பாடு மாறிடுச்சு. இனிமே 'பால்சர்க்கரை: ஆம், தாமதமாக'ன்னுதான் போடணும்."

"மாத்திரை எப்ப வரும் சார்?"

அவர் மேசைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்தார்.

"குழந்தைக்கு மாத்திரை குடுத்தா சுத்தமாயிடும். அம்மா ஒரு முத்தம் குடுத்தா திரும்பி வந்துடும். முத்தம் குடுக்காதேன்னு சட்டம் போட முடியுமா?"

"அம்மாவுக்கும் குடுங்க."

"அப்பாவுக்கு? அத்தைக்கு? சரி, குடுத்துடுவோம். மறுநாள்லேருந்து அவங்க என்ன சாப்பிடுவாங்க? பசியாத்தி இல்லாத வயித்துல கோரை வெறும் வைக்கோல்தானே? ஊருக்கே போட அரிசி எங்க இருக்கு? நீங்களே சொல்லுங்க."

கோமளா ஜன்னலுக்கு வெளியே நின்ற கோரையைப் பார்த்தாள்.

"அங்க ஒரு அம்மா, பெரிய அதிகாரி, ரொம்பத் தெளிவாப் பேசினாங்க. பசியாத்தி, குழந்தை, பால். மூணும் ஒரே வயித்துல இருக்க முடியாது. ஒண்ணு வெளியில போகணும். பசியாத்தி போனா ஊரே பட்டினி. குழந்தையை விடமுடியாது." அவர் நிறுத்தினார். "மிச்சம் இருக்கறது ஒண்ணுதான்."

கோமளாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், பால்ல குறை இல்லன்னு சொல்லத்தானே நான் எழுதினேன்?"

"தெரியும்மா."

"பாலையும் குடுத்துட்டுக் கஞ்சியும் குடுத்தா?"

"நீங்க எழுதினதுதானே? கத்துக்கிட்டா மறக்காது. பாலைக் கண்ணுலயே காட்டாத வரைக்கும்தான் அது புல்லோட கிடக்கும். பொறந்த அன்னிக்கே சொட்டு, அன்னிலேருந்தே வடிகட்டின கோரைக்கஞ்சி, புட்டியில. ஏற்கெனவே பால் குடிக்கற குழந்தைங்களுக்கு மட்டும், மாத்திரையக் குடுத்துப் பழைய பசியாத்தியை அழிச்சிட்டு, பால் தெரியாத புதுசைச் சொட்டு விடப் போறாங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டுப் பால்கூட வாயில படக்கூடாது. நாலு ஆஸ்பத்திரியில பண்ணிப் பார்த்துட்டாங்க. குழந்தைங்க எடை ஏறுது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஏறுது, கோமளா. அதையும் யோசிங்க."

யோசித்தாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாள். தப்புக் கண்டுபிடிக்க எத்தனையோ பார்த்தாள். அந்த அதிகாரி அம்மாளின் கணக்கில் ஒரு தப்பும் அகப்படவில்லை.

சுவரெங்கும் விளம்பரம் வந்தது. சிரிக்கும் குழந்தை கையில் பச்சைப் புட்டி. "தாய்ப்பால் தவிர்ப்போம், தலைமுறை காப்போம்." வானொலியில் ஒரு நடிகை வந்து, பாசம் வேறு பால் வேறு என்று இனிமையாகச் சொன்னாள். அவ்வளவு காலம் "பால் பத்தலம்மா" என்று சொன்ன அதே டாக்டர், "இன்னுமா பால் குடுக்கறே, படிச்ச பொண்ணுதானே நீ?" என்று அதட்ட ஆரம்பித்தார். சுகாதாரச் செவிலி வீடு வீடாக வந்து இனியனுக்கு மாத்திரை கரைத்துக் கொடுத்தாள், சொட்டு விட்டாள், புட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இனியன் இரண்டு நாள் புட்டியைத் துப்பினான். மூன்றாம் நாள் பசி தாங்காமல் சப்பினான். அப்புறம் மளமளவென்று தேற ஆரம்பித்தான். கன்னம் வந்தது. தொடையில் மடிப்பு விழுந்தது. பூபதி அவனைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடித்து, "பார்த்தியாக்கா, கல்லு மாதிரி கனக்கறான்!" என்று கூத்தாடினான். கோமளாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் இல்லை, நிஜமாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. குழந்தையின் வாயில் பால்மணம் போய், வெட்டிப்போட்ட புல்லின் வாசனை வந்திருந்தது.

தேன்மொழிக்குத்தான் பால் வற்றவில்லை. வற்றவைக்கும் மாத்திரை போட்டாள், காய்ச்சல் வந்ததே தவிர வற்றவில்லை. குழந்தை பசிக்கு அழுதால் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்கும். குழந்தையை அவள் தூக்குவதைக் குறைத்துக்கொண்டாள். அவள் தூக்கினால் அவன் தலையைத் திருப்பி மார்பைத் தேடினான். கொஞ்ச நாளில் தேடுவதை விட்டுவிட்டான். அன்றைக்குத்தான் அவள் சரியாகச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறு வாரம் செவிலி ஒரு சாக்குப் பையோடு வந்தாள். ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரங்கள். "நிறைய பேருக்கு மாத்திரை கேக்கல. இதை மார்ல வெச்சுக் கட்டுங்க, அந்தக் காலத்து வைத்தியம்தான், சட்டுன்னு வத்திடும். திண்டுக்கல்லேருந்து லாரி லாரியா வருது" என்று சொல்லி, தேன்மொழியின் பங்கைக் கோமளாவிடம் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தாள்.

கோமளா அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். தேன்மொழி மறுபேச்சு பேசாமல் எழுந்து உட்கார்ந்து ரவிக்கையைத் தளர்த்தினாள். மார்பு இரண்டும் கல்லாக இறுகி, நரம்பு பச்சை பச்சையாகத் தெரிந்தது. கோமளா சரத்தை நெருக்கமாக வைத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

"எங்க சித்திக்கு இப்படித்தான் கட்டினாங்க அண்ணி. புள்ள பொறந்த மூணாம் நாளே போயிடுச்சு. பால் மட்டும் நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு. நான் அப்ப சின்னப் பொண்ணு. இவ்வளவு பூவான்னு ஆசையாப் போய், எனக்கும் கட்டிவிடுங்கன்னு கேட்டேன். அம்மா அறைஞ்சிட்டாங்க. புள்ள செத்தவதான்டி இதைக் கட்டுவான்னு."

கோமளா அடுத்த சரத்தைப் பிரித்தாள். ஜன்னல் வழியாக, எதிர்வீட்டிலிருந்தும் அதற்கு அடுத்த வீட்டிலிருந்தும் மல்லிகை வாசனை வந்துகொண்டிருந்தது. கல்யாண வீடுகள் நிறைந்த தெருவைப் போலத் தெரு மணந்தது. எந்தப் பெண்ணின் தலையிலும் பூ இல்லை.

கூடத்தில் இனியன் அழுதான். தேன்மொழியின் உடம்பு ஒருமுறை உதறியது. கட்டிய பூவுக்குள்ளிருந்து பால் கசிந்து, வயிற்றில் வழிந்து, பாவாடைக் கட்டில் இறங்கியது. "இருடா இருடா, வந்துட்டேன்" என்று வெளியே பூபதியின் குரல் கேட்டது. உடனே அழுகை நின்றது. புட்டி கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

இங்கே பால் நிற்கவில்லை. கோமளா சரத்தை இன்னொரு சுற்றுச் சுற்றி முடிச்சை இறுக்கினாள்.